சரிவின் கால்

அவனை எல்லோரும் பிளேடு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிப் பேசி அறுப்பவர்களுக்கு வைக்கிற பேர் அது. இவனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். புல்டோசரின் முன்னால் இருக்கிறதே இரும்புப் பலகை, அதனால் வந்த பேர். அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பாதி ஆயுசைக் கழித்துவிட்டான். முதல் பதினைந்து வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தைத் தோண்டுவதற்காக மண்ணைத் தள்ளினான். சுரங்கம் மூடப்பட்டு, பள்ளத்தை நிரப்பு, சரிவுகளைத் தணித்துவிடு, மேலே மரம் வை என்று உத்தரவு வந்த பிறகு, அதே பள்ளத்தை நிரப்புவதற்காக நாலு வருஷமாகத் தள்ளுகிறான். தோண்டினதுக்கும் சம்பளம், மூடினதுக்கும் சம்பளம், உன்னை மாதிரிக் கொடுத்து வைத்தவன் உண்டா என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போவான்.

மூடுகிற வேலையை லேசாக நினைப்பவர்கள் நிறைய. விளிம்பில் நின்று லாரி லாரியாகக் கொட்டினால் பள்ளம் நிரம்பிவிடாதா என்பார்கள். நிரம்பும், யார் இல்லையென்றது? நாலு மழைக்குப் பிறகு உட்காரும், பிளக்கும், மேலே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மண் அடியிலிருந்து ஏறி வர வேண்டும். டிப்பர் கொட்டினதை முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஆறு தடவை போய்வந்த பிறகுதான் அடுத்த அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் பிளேடு வண்டியை விட்டு இறங்கிக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பான். தடம் விழுந்ததோ, ரோலர்காரன் பாடு திண்டாட்டம்தான். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டு என்பான். இவன் வீட்டில் படுக்கை விரித்தாலும் லெவல் பார்த்துவிட்டுத்தான் படுப்பான் என்று ரோலர்காரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இதற்குப் போய் ஏன் இப்படி உயிரை விடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

அவனுடைய அண்ணன் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறான்.

அண்ணன் ஷவல் ஓட்டினவன். ஒரே வாளியில் ஓர் அறை நிறைய மண்ணை அள்ளுகிற ராட்சச வண்டி அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், மத்தியான ஷிப்ட் மாறி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வடக்குச் சரிவு மொத்தமாக இறங்கியது. அண்ணனும் ஷவலும் அடியில் போனார்கள். நாலு நாள் தேடினார்கள். தேடத் தேட மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார், இதற்கு மேல் ஆளை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கனமழையால் சரிவு, உடலை மீட்க இயலவில்லை என்று ஒரு தாள் வந்தது. ஒரு மனுஷனுக்கு அவ்வளவுதான் மரியாதை. அதோடு சுரங்கமும் படுத்துவிட்டது. ஐந்து வருஷம் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, பிளேடு எங்கெங்கோ ரோடு வேலைக்குப் போய்ப் பிழைத்தான்.

அண்ணிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அந்த வேலையைக் கண்டுபிடித்த புண்ணியவானை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. புருஷனை விழுங்கின சரிவு இன்னும் எவ்வளவு நகர்கிறது என்று தினமும் அளந்து எழுத வேண்டும், அதுதான் வேலை. சரிவின் உச்சியில், நாற்பது தொழிலாளர் வீடுகளின் பின்புறமாக, தரையில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு இரும்பு முளை, அந்தப் பக்கம் ஒரு இரும்பு முளை, இப்படிப் பதினான்கு ஜோடி. காலை ஏழு மணிக்கு ஸ்டீல் டேப்பின் கொக்கியை ஒரு முளையில் மாட்டி, இழுத்து, இடைவெளியை நோட்டில் குறிக்க வேண்டும். இடைவெளி கூடினால் சரிவு கீழே போகிறது என்று அர்த்தம். அண்ணி குடியிருப்பதும் அந்த நாற்பதில் ஒரு வீட்டில்தான். காய்ச்சலோடு வந்து அளந்திருக்கிறாள். மகளின் கல்யாணத்தன்றுகூட நல்ல புடவையோடு வந்து பதினான்கையும் அளந்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள்.

பிளேடு மாசம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போவான். குழாய் ஒழுகினால் சரி செய்வான், சிலிண்டரை மாட்டிக் கொடுப்பான், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டான். அவள் தம்பி என்று கூப்பிடும்போதெல்லாம் எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போல இருக்கும் அவனுக்கு.

இந்த வருஷம் பள்ளத்தின் வடக்கு மூலையிலிருந்த கடைசித் தண்ணீரையும் பம்பு வைத்து இறைத்தார்கள். தண்ணீர் வற்றியதும், சரிவின் அடியில், மண்ணுக்கு வெளியே ஒரு இரும்பு தெரிந்தது. இரண்டு முழ நீளம் இருக்கும், மஞ்சள் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. அண்ணனுடைய ஷவலின் கை அது. மேலே முளை அளக்கிற இடத்தில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அதே சமயத்தில் வெடிப்பும் விரிய ஆரம்பித்தது. அதுவரை வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் காட்டின டேப், மழைக்குப் பிறகு ஒரு நாளைக்கே நாலு காட்டியது. மண் எஞ்சினியரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பள்ளத்தில் இறங்கிவிட்டார். அவருக்கு வயசு முப்பதுகூட இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அதிகாரி அந்த ஆபீஸிலேயே அவர் ஒருத்தர்தான். வேலைக்காரர்களைக் கூட்டி வைத்து அவர் சொன்னது இதுதான்: சரிவு நிற்பது அதன் காலில். கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மூட்டையைத் தள்ளி வைப்பதில்லையா, அந்த மாதிரி இந்தக் காலை ஒட்டி மூன்று மாடி உயரத்துக்கு மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி வைத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் நாற்பது வீடும் கீழே வந்துவிடும். திங்கட்கிழமை ஆரம்பம் என்றார். மண் வைக்க வேண்டிய இடம், ஷவலின் கை நீட்டிக்கொண்டிருந்த அதே இடம். பிளேடு அவரைத் தனியாகப் பார்த்து, முட்டி வலி, என்னைக் கிழக்குப் பக்கம் போட்டுவிடுங்கள், இங்கே காண்டிராக்ட் ஆள் தள்ளட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அதற்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் அண்ணி அவன் வீட்டுக்கு வந்தாள். அவளாக வருவது அபூர்வம். பிளேடின் வீட்டுக்காரி அவசர அவசரமாக நாற்காலியில் கிடந்த துணியை அள்ளினாள். அண்ணி உட்காரவில்லை.

“கை தெரியுது தம்பி. நான் தினமும் மேலேர்ந்து பார்க்கிறேன். அவர் உட்கார்ந்த சீட்டு அங்கேர்ந்து பன்னிரண்டு அடி கூட இருக்காது. மூடறதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் தோண்டிக் குடுங்க. ஒரு எலும்பு கிடைச்சாப் போதும், நான் எடுத்துட்டு வந்துடறேன்.”

ஒன்பது வருஷமாக அவள் இதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தண்ணீர் வற்றட்டும் என்றார்கள், காத்திருந்தாள். மனு கொடு என்றார்கள், கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமைச் சொன்னவர்கள் எல்லாம் மாற்றலாகியோ ரிட்டயராகியோ போய்விட்டார்கள். பிளேடு தலையைக் குனிந்துகொண்டு, கேட்டுப் பார்க்கிறேன் அண்ணி என்றான்.

கேட்கவும் செய்தான். எஞ்சினியரம்மா அவனை விரட்டவில்லை. அவனை உட்கார வைத்துவிட்டு, தாளில் சரிவை வரைந்து, அரைமணி நேரம் கணக்குப் போட்டார். பன்னிரண்டு அடி போட்டுப் பார்த்தார், எட்டு போட்டார், ஆறு போட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, காலிலிருந்து ஒரு வாளி மண்ணைக்கூட எடுக்கக் கூடாது, அவங்ககிட்ட நானே வந்து சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்லிக்கிறேன் என்றான் பிளேடு.

அவனுக்குக் கணக்கு தேவையே இல்லை. காலை எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஆபீஸில் இருக்கிற அத்தனை பேரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். சுரங்கம் ஓடின காலத்தில் அங்கே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலைச் சுரண்டறது என்பார்கள். சரிவின் அடியில் போகிற கரி, வெடி வைக்காமலே புல்டோசர் பலகைக்கு வரும், பளபளவென்று இருக்கும். மாசக் கடைசியில் கரி குறைந்தால் ஃபோர்மேன் சும்மா தோளைத் தட்டிவிட்டுப் போவார். எல்லோரும் சுரண்டினார்கள், இவனும் சுரண்டினான். சரிவு விழுவதற்கு முந்தின நாள் ஐந்து அடி உள்ளே போயிருந்தான். அண்ணன் பார்த்துவிட்டு, போதும்டா, இதுக்கு மேல கை வைக்காதே என்றான். மறுநாள் காலையில் ஃபோர்மேன் மறுபடியும் தோளைத் தட்டினார். இவன் இன்னும் இரண்டு அடி வெட்டினான். ஷிப்ட் முடிந்து இவன் மேலே ஏறினான், இவன் வெட்டிப் போட்டதை அள்ள அண்ணன் கீழே இறங்கினான். மண் இறங்கின அன்று ராத்திரியே ஃபோர்மேன் வீடு தேடி வந்து, வாயைத் திறந்தேன்னா, உனக்கும் வேலை போகும், உங்க அண்ணிக்கும் ஒண்ணும் கிடைக்காது, மழைன்னு எழுதினாத்தான் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபோர்மேன் நாலு வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ரகசியம் இவன் ஒருத்தன் தலையில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் முளைகளுக்குப் பக்கத்தில் அண்ணியைப் பார்த்து, எஞ்சினியரம்மா முடியாதுன்னுட்டாங்க என்று மட்டும் சொன்னான். அண்ணி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, ஆபீஸ்ல இருக்கிறவங்க வேற என்ன சொல்வாங்க என்றாள். அப்புறம் மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். காண்டிராக்ட் ஷவல்காரனிடம் பேசிவிட்டாளாம். அவனுடைய அப்பாவும் சுரங்கத்தில் போனவராம். ஞாயிற்றுக்கிழமை லீவு, யாரும் இருக்க மாட்டார்கள், அரை நாள் தோண்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறானாம்.

பிளேடு யோசித்துப் பார்த்தான். எஞ்சினியரம்மாவிடம் போய் ஒரு வார்த்தை போட்டுக் கொடுத்தால் ஷவலின் சாவியைப் பிடுங்கி வைத்துவிடுவார். ஆனால் அண்ணியை யார் பிடித்து வைப்பது? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளே இறங்கிவிடுவாள், இறங்கக்கூடியவள்தான். அதுவுமில்லாமல், அப்படிச் செய்தால் இரண்டாம் தடவையும் ஒளிந்துகொண்டவன் ஆகிவிடுவான். சனிக்கிழமை காலை முழுக்க அவன் தள்ளின மண் மேடும் பள்ளமுமாகக் கிடந்ததைப் பார்க்க ரோலர்காரனுக்கே வெட்கமாக இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒன்பது வருஷமா எதையோ முழுங்கி வச்சிருக்கீங்க. என்கிட்டத்தான் சொல்லல. போய் அவங்ககிட்டயாவது சொல்லிட்டு வாங்க.”

முகம்கூடக் கழுவாமல் போனான். அண்ணி கட்டிலின் மேல் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலி, அதற்கு அப்புறம் பள்ளம். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

“அண்ணி, நாளைக்கு அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க. கால்ல கை வைக்கக் கூடாது.”

“ஒரு நாள்தானே தம்பி. நாலு மில்லிமீட்டர்தான் நகருது. நான்தானே அளக்கிறேன்.”

“ஒரு நாள் வேணாம். அன்னைக்கு நாலு மணி நேரம்தான் ஆச்சு.”

அண்ணியின் கை துணி மேலேயே நின்றுவிட்டது. எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“மழையில விழல அண்ணி. மழை பெஞ்சுது, இல்லைங்கல. ஆனா காலை வெட்டினது நான்.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். சுரண்டுகிற பழக்கத்தைச் சொன்னான், ஃபோர்மேன் தோளைத் தட்டினதைச் சொன்னான், ராத்திரி வீடு தேடி வந்து சொன்னதைச் சொன்னான். ஃபோர்மேன் மேல் பழியைப் போடுகிற மாதிரி வந்துவிட்டதோ என்று நடுவில் நிறுத்தி, மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல என்றான். ஆயுசில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசினது அன்றைக்குத்தான். அழவில்லை. அழுதால் அவள் தேற்ற வேண்டி வருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, தினமும் அளவைச் சொல்லிக்கொண்டே நோட்டில் குறிக்கிற அதே குரலில் கேட்டாள்.

“எத்தனை அடி?”

“அண்ணன் போதும்னு சொன்னப்ப அஞ்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு.”

“அவர் இறங்கறப்ப அதைப் பார்த்தாரா?”

“பார்த்தாரு.”

“என்ன சொன்னார்?”

இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“சொன்னாக் கேட்க மாட்டியாடான்னாரு. சரி, நீ வெட்டினதை நான் அள்ளிடறேன், நீ போய்ச் சாப்பிடுன்னாரு.”

அண்ணி மடித்த துணியைப் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். திட்டினாலோ அடித்தாலோ தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் எழுந்து வெளியே போனாள். நாலு வீடு தள்ளி ஷவல்காரன் வாடகைக்கு இருந்தான். அவன் கதவைத் தட்டி, நாளைக்கு வேணாம்பா என்று அவள் சொல்வது இங்கே வரை கேட்டது. திரும்பி வந்து, படியைக் கடந்து, முதுகைக் காட்டியபடி நின்றாள்.

“திங்கக்கிழமை யார் மூடறது?”

“காண்டிராக்ட் ஆள். என்னை வேற பக்கம் போட்டிருக்காங்க. நான்தான் கேட்டேன்.”

“வேற யாரும் அவர் மேல மண்ணு போட வேணாம். நீ போடு.”

அவன் நேராக எஞ்சினியரம்மாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனான். முட்டி வலி என்னாச்சு என்று அவர் கேட்டார். முட்டி வலி பொய் என்றான். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். இதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வருவது வரட்டும் என்று இருந்தது. எஞ்சினியரம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, திங்கட்கிழமை வடக்கு மூலை உங்களுக்கு என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் டிப்பர் வந்து கொட்டிவிட்டுப் போனது. பிளேடு வண்டியைக் கிளப்பினான். பலகையை இறக்கினான். எதிரே பத்து மீட்டரில் ஷவலின் கை. வண்டியை முன்னால் எடுக்க அவனால் முடியவில்லை. என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது டிப்பர் வந்து நின்றது, மூன்றாவது வந்தது, சரிவுப் பாதையில் வரிசை நீண்டது. ஹாரன் அடித்த ஒருவனை ரோலர்காரன் போய் ஏதோ சொல்லி அடக்கினான்.

மேலே முளைகளின் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். அவள் நோட்டை மூடுவதும் சரிவுப் பாதையில் இறங்க ஆரம்பிப்பதும் தெரிந்தது. நடந்து வர இருபது நிமிஷம் ஆனது. தலையில் ஹெல்மெட், பக்கத்தில் எஞ்சினியரம்மா. டிப்பர்காரர்கள் ஒவ்வொருவராக என்ஜினை நிறுத்தினார்கள்.

அண்ணி ஷவலின் கைக்குப் போனாள். இத்தனை நாளும் மேலிருந்தே பார்த்த இரும்பு. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். குனிந்து மண்ணிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எஞ்சினியரம்மாவுக்கும் கேட்கவில்லை, யாரும் பிறகு கேட்கவும் இல்லை. எழுந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கவாட்டில் பத்தடி தள்ளிப் போய், வண்டிக்கு வழிகாட்டுகிற ஆள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

கையை உயர்த்தி அவனைப் பார்த்து வா என்று காட்டினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுதுகொண்டே லீவரைத் தள்ளினான். வண்டி நகர்ந்தது, மண் உருண்டு பலகைக்கு முன்னால் குவிந்தது. அவள் வா, வா என்று கையை அசைத்தாள். இரும்புக்கு இரண்டடி இருக்கும்போது உள்ளங்கையைத் தாழ்த்தி, மெதுவாக என்று காட்டினாள். அவன் மெதுவாகப் போட்டான்.